கடைசி மடக்குத் தண்ணீர்

ஹம்தான் வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்தே கத்துவான். "லுபாபா, தண்ணி." அவன் எட்டு வயது மகள் லுபாபா பித்தளைக் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு ஓடுவாள். அவன் வாசலில் நின்றபடியே குடிப்பான். முழுவதும் குடிக்க மாட்டான். கடைசி மடக்கை மீதம் வைத்து அவளிடமே நீட்டி, "மிச்சம் உனக்கு" என்பான். அவன் மீசையிலிருந்த சுண்ணாம்புத் தூள் அதில் மிதக்கும். அந்தப் பெண் அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். சுல்தான் வீட்டு சர்பத்தைக் கொடுத்தால்கூட அப்படிக் குடித்திருக்க மாட்டாள்.

மழைத் தொட்டிகளுக்குள் இறங்கிச் சுண்ணாம்பு பூசுவது ஹம்தானின் தொழில். என் தொழில் பச்சை குத்துவது. எருசலேமின் வடக்கு மதிலுக்குப் பக்கத்தில், எங்கள் சிரியக் கோயிலுக்கு நான்கு வீடு தள்ளி, ஒரே முற்றத்தில் இரண்டு குடும்பமும் இருந்தோம். அவர்கள் முஸ்லிம்கள், நாங்கள் கிறிஸ்தவர்கள். தொட்டி ஒன்று, வாளி ஒன்று, சண்டைக்கு மட்டும் குறைவில்லை. பச்சை மைக்குக் கரி பிடிக்க நான் ஏற்றும் விளக்கின் புகை அவன் வெள்ளையடித்த சுவரைக் கெடுத்துவிட்டதாம். அதற்காக இரண்டு வருஷம் என்னோடு பேசாமலிருந்தான். பேசாதவன் சும்மாவும் இருக்கவில்லை. பாஸ்கா பண்டிகைக்கு வரும் யாத்திரிகர்கள் மணிக்கட்டில் சிலுவை குத்திக்கொள்ள என் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதில் விழும்படி, "கழுதைக்குத்தான் சூடு போடுவாங்க, மனுசனுக்குமா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவான். நானும் விடமாட்டேன். "கழுதைக்கு எங்க ஊசி இறங்கும், தோல் தடிப்பாச்சே" என்று அதே சுவரைப் பார்த்துச் சொல்வேன்.

அவன் மனைவி ஹஸ்னா எனக்குத் தங்கை மாதிரி. லுபாபா என்னைப் பெரியம்மா என்பாள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த ஊரில் இதைச் சொல்லிக் காட்டாத வாய் இரண்டுதான்; ஒன்று ஹஸ்னாவுடையது, இன்னொன்று அவள் புருஷனுடையது. என் தொழிலை எவ்வளவு கேலி செய்தாலும் இந்த ஒன்றை மட்டும் அவன் தொட்டதே இல்லை.

எருசலேமைப் பிடிக்கக் கிறிஸ்தவப் பரங்கிகள் படையெடுத்து வருகிறார்கள் என்ற செய்தி வந்ததும் எங்கள் முஸ்லிம் ஆளுநர் கிறிஸ்தவ ஆண்களை எல்லாம் ஊரைவிட்டு விரட்டினார். உள்ளே இருந்துகொண்டு வாசலைத் திறந்துவிடுவார்களாம். என் புருஷன் யாக்கூப் ஒரு ஜோடிச் செருப்போடு பெத்லகேம் பக்கம் போனான். கிழவர்களையும் பெண்களையும் விட்டுவைத்தார்கள். பெண்ணால் என்ன ஆகப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள், என் நாக்கைப் பற்றித் தெரியாதவர்கள்.

ஐந்து வாரம் முற்றுகை. ஹம்தானை மதிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கல் விழுந்து பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்பு அப்புவதும், கல்லின் அடி தணிய வைக்கோல் மூட்டைகளைக் கயிற்றில் கட்டி வெளிப்பக்கம் தொங்கவிடுவதும் அவன் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். வந்த அன்றைக்கும் அதே குரல், அதே கிண்ணம், அதே மிச்சம்.

கடைசி வாரம், புதன்கிழமை காலை, ஹஸ்னா லுபாபாவைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பரங்கிகள் மதிலேறக் கட்டிய மரக்கோபுரத்தை இரவோடு இரவாக எங்கள் பக்கத்து மதிலுக்கு நகர்த்தி வந்துவிட்டார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு.

"அக்கா, இவ கைல ஒரு சிலுவை குத்திவிடு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "புத்தி பிசகிடுச்சா ஒனக்கு?"

"மார்ரா ஊர்ல என்ன பண்ணானுங்கன்னு கேட்டல்ல. அந்தியோக்கியாவுல என்ன பண்ணானுங்கன்னு கேட்டல்ல. உள்ள வந்தா கையத்தான் பாப்பானுங்களாம். சிலுவை இருந்தா விட்டுடுவானுங்களாம்."

"அடியே, இது மருதாணி இல்ல. அழியாது."

"உயிரோட இருந்தா அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறமும் அழியாதுடி. கல்யாணத்தப்போ மாப்ள வீட்டுக்காரன் கையப் பிடிச்சுப் பாப்பான். இவ அப்பன் பாத்தா என்ன வெட்டிப் போடுவான்."

"அவர்ட்ட நான் சொல்லிக்கறேன்." அவள் சாதாரணமாகச் சொன்னாள். "கல்யாணத்துக்கு இவ இருக்கணும்ல, மொதல்ல."

ஞானஸ்நானம் வாங்காத கையில் சிலுவை போடக்கூடாது என்பது எங்கள் சபைச் சட்டம். அவர்கள் மார்க்கத்தில் பச்சையே கூடாது, அதிலும் சிலுவை என்றால் கேட்கவே வேண்டாம். ஆக இரண்டு பக்கமும் பாவம். ஹஸ்னா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதில் பக்கம் ஒரு கல் விழுந்து தரை அதிர்ந்தது. நான் ஊசிக்கட்டை எடுத்தேன்.

"ஒனக்கும் ஒண்ணு போட்டுடறேன், உக்காரு."

"எங்க அப்பாவுக்கு?"

அவள் அப்பா கண் தெரியாதவர், நடக்கவும் முடியாது. குர்ஆன் முழுவதும் மனப்பாடமாக ஓதுகிறவர். அவர் கையில் நான் சிலுவை குத்தினால் அந்தக் கையையே வெட்டி எறிந்துவிடுவார்.

"அவர விட்டுட்டு நான் கோயிலுக்குள்ள ஒளிஞ்சுக்க முடியாதுக்கா. அவரத் தூக்கிக்கிட்டு அக்ஸா பள்ளிக்குப் போறேன். அது அல்லா வீடு. அங்க யாரும் கத்திய எடுக்க மாட்டாங்க."

"அப்ப இவளையும் அங்கயே கூட்டிட்டுப் போயேன்."

"ரெண்டு எடத்துல இருந்தா ஒண்ணாவது மிஞ்சும்." பிறகு சிரிக்கப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகலன்னா, புள்ள கையக் கெடுத்துட்டியேன்னு நான் வந்து ஒன்ன ஏசிக்கறேன்."

சிலுவை செதுக்கிய சின்ன ஒலிவ மர அச்சை எடுத்துக் கரியில் தோய்த்து லுபாபாவின் வலது மணிக்கட்டில் அழுத்தினேன். ஏழு ஊசி கட்டிய குச்சியால் அந்தக் கோட்டின் மேல் குத்திக்கொண்டே போனேன். பெரிய ஆண்பிள்ளைகள், கப்பல் ஏறி வந்தவர்கள், என் முன்னால் அம்மா என்று அலறியிருக்கிறார்கள். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஹஸ்னா அவள் தலையைத் தன் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

துடைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. பச்சை ஆறப் பதினைந்து நாள் ஆகும். முதலில் வீங்கும், நீர் வடியும், பிறகு பக்குக் கட்டும், பக்கு உதிர்ந்த பிறகுதான் குறி தெளியும். கோபுரமோ மதிலை ஒட்டி நிற்கிறது. பிறந்ததிலிருந்து கிறிஸ்தவளாக இருக்கிறவளுக்கு முந்தாநாள் குத்திய சிலுவை ஏன் என்று எந்த மடையனும் கேட்பான். என் கையிலிருந்த பழைய சிலுவையைப் பார்த்தேன். எனக்கு ஏழு வயதில் என் அம்மா குத்தியது, மங்கி நீலமாகிவிட்டது. அதே ஊசியைக் கரியில் தோய்த்து அதன் மேலேயே குத்திக்கொண்டேன். தன் கையில் தானே குத்திக்கொள்வது எவ்வளவு வலி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊர்க்காரர்களுக்கு இத்தனை வருஷம் செய்த கொடுமைக்கு அது சரியாகப் போயிற்று.

"இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே புண்ணு" என்றேன். "ஒம்பேரு என்ன?"

"லுபாபா."

"இல்ல. மார்த்தா. என்ன எப்படிக் கூப்பிடுவ?"

"பெரியம்மா."

"அம்மான்னு கூப்பிடணும்."

அவள் ஹஸ்னாவைத் திரும்பிப் பார்த்தாள். ஹஸ்னா தலையசைத்தாள். "அம்மா" என்றாள் லுபாபா, என்னைப் பார்த்து. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. மதிலில் கல் விழுகிறது, பெற்றவள் பக்கத்தில் நிற்கிறாள், எனக்கு இனிக்கிறது. அதற்கான தண்டனையைப் பிறகு வட்டியோடு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் அவளுக்குப் பரலோக ஜெபம் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரி, பிடித்துக்கொண்டாள். தூங்கும்போது எழுப்பிப் பெயர் கேட்டேன். யார் கூப்பிட்டாலும், அப்பா கூப்பிட்டால்கூட, லுபாபா என்ற பேருக்குத் திரும்பக்கூடாது என்றேன். "அப்பா கூப்ட்டாக்கூடவா?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமை காலை ஹஸ்னா தன் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு தெற்கே போனாள். கிளம்பும்போது பித்தளைக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, "அவர் வந்தா இதுலதான் குடிப்பார்" என்றாள். நாங்கள் கோயிலுக்குப் போனோம்.

அன்று மத்தியானம் பரங்கிகள் மதிலேறினார்கள்.

கோயிலுக்குள் நாங்கள் முப்பது பேர் இருந்திருப்போம், எல்லாரும் கிழடுகளும் பெண்களும். குரு பர்சவ்மாவுக்கு எண்பது வயது. லுபாபாவின் கையைப் பார்த்ததும் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. "சட்டம் என்னன்னு ஒனக்குத் தெரியும்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். பிறகு தெருவில் கேட்ட சத்தத்தில் எல்லாரும் பீடத்துப் பக்கம் நெருங்கி உட்கார்ந்தோம். மாலைக்குச் சற்று முன் கதவை உடைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். முழங்கை வரை அவர்கள் கை என்ன நிறமாக இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் தலைவன் கோத்தியே என்ற ஒரு பிரபு, செம்பட்டைத் தாடிக்காரன். அவன் பேச்சை எங்களுக்குச் சொல்ல தோரோஸ் என்ற ஆர்மீனியன் கூட வந்தான். ஒல்லி உடம்பு, ஓயாத இருமல். ஆனால் கண் மட்டும் கழுகுக் கண்.

"எல்லாரும் வலது கைய நீட்டுங்க" என்றான். "அந்தியோக்கியாவுல அடுப்புக்கரில சிலுவை வரைஞ்சுக்கிட்டு வந்தாங்க. எச்சில் தொட்டுத் தேச்சேன், சிலுவை போயிடுச்சு. ஆளும் போயிட்டான்."

அவன் ஒவ்வொரு கையாகத் தேய்த்துக்கொண்டே வந்தான். லுபாபாவின் கையைத் தேய்த்ததும் அவள் முனகினாள். அவன் விரலில் ரத்தமும் நீரும் ஒட்டியது.

"இது பச்சப் புண்ணு. ரெண்டு மூணு நாள்தான் இருக்கும். யாரு பொண்ணு இது?"

"எம்பொண்ணு" என்று என் கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "எனக்கு மட்டும் என்னவாம், ஆறியா இருக்கு? வேண்டுதல். நீங்க மதிலேறுனா ஆத்தாளும் மகளும் சிலுவைய மறுபடி குத்திக்கறோம்னு வேண்டிக்கிட்டோம்."

"மதிலேறினது இன்னிக்கு மத்தியானம். புண்ணு புதன்கெழமப் புண்ணு."

"நம்பிக்கை உள்ளவ வேண்டுதல முன்கூட்டியே செலுத்துவா. ஒனக்கு நம்பிக்கை கொஞ்சம் கம்மிதான் போல."

தோரோஸ் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நான் சொன்னதைப் பரங்கி மொழியில் அப்படியே சொன்னான் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் கோத்தியே உடம்பு குலுங்கச் சிரித்தான். தோரோஸ் சிரிக்கவில்லை. லுபாபாவைப் பார்த்து, "பேரு?" என்றான். "மார்த்தா." "ஜெபம் சொல்லு." அவள் சொன்னாள். "எங்கள் கடன்களை மன்னியும்" என்ற இடத்தில் திக்கி நின்றாள். அப்போது குரு பர்சவ்மா எழுந்தார். "கொழந்தய மெரட்டாத. இவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நான்தான்" என்றார். எண்பது வருஷம் பொய் சொல்லாத மனுஷன் பீடத்துக்கு முன்னால் நின்று அதைச் சொன்னார்.

கோத்தியே தன் கேடயத்தைக் கழற்றிக் கோயில் கதவில் மாட்டச் சொன்னான். கேடயம் தொங்கும் கதவுக்குள் வேறு பரங்கி நுழையமாட்டான், அது அவர்கள் வழக்கம். அதற்குப் பதிலாக, அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் நான் சிலுவை குத்திவிட வேண்டும். தோரோஸ் எங்களோடேயே கோயிலில் தங்குவான்.

அக்ஸா பள்ளிக்குள் போனவர்களைப் பற்றி அடுத்த நாள் தெரிந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. கடவுள் வீட்டில் யாரும் கத்தியெடுக்க மாட்டார்கள் என்று எங்கள் ஊரில் அவர்களும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். அப்படி நம்பித்தானே நானும் கோயிலுக்குள் போனேன். எங்களைக் காப்பாற்றியது கோயில் இல்லை. ஊசியும் கரியும் ஒரு கிழவரின் பொய்யும்தான். லுபாபா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அழவுமில்லை. அம்மா அம்மா என்று என் பின்னாலேயே சுற்றினாள். அன்றைக்கு இனித்த அந்த வார்த்தை இப்போது எனக்கு முள்ளாகக் குத்தியது.

திங்கட்கிழமை கோயில் படியில் துணிப்பந்தல் கட்டி உட்கார்ந்திருந்தேன். கோத்தியே புஜத்தைக் காட்டிக்கொண்டு முக்காலியில் இருந்தான். லுபாபா கரிச்சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் அவனுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. "மார்த், மார்த்" என்று கூப்பிட்டுக் காய்ந்த அத்திப்பழம் கொடுப்பான். அந்தப் பழத்தை அவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள், தின்னமாட்டாள்.

தெருவில் பிணம் இழுப்பவர்கள் வந்தார்கள். நாற்றம் தாங்கமுடியாமல், உயிரோடு பிடித்து வைத்திருந்த முஸ்லிம்களைக் கொண்டே பரங்கிகள் ஊரைச் சுத்தம் செய்தார்கள். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் பிணங்கள். மதிலுக்கு வெளியே வீட்டுயரம் குவித்து எரிப்பதற்கு. அவர்கள் தெற்கேயிருந்து, அக்ஸா பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு வண்டி சந்தில் சிக்கிக்கொள்ள, எங்களுக்கு நேரே வரிசை நின்றது.

"தண்ணி" என்றது ஒரு குரல்.

அந்தக் குரலை நான் பத்து வருஷம் தினமும் கேட்டிருக்கிறேன். முன்னால் இருக்க வேண்டிய பெயர் மட்டும் இல்லை. முகத்தில் மூக்கு மறையத் துணி கட்டியிருந்தான். சுண்ணாம்பில் வெந்த அந்த நகங்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் எங்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டானா, தாகத்தில் கேட்டானா, தெரியாது. அக்ஸாவில் ஹஸ்னாவைப் பார்த்தானா என்பதும் தெரியாது. லுபாபா கரிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

கோத்தியே ஏதோ சொன்னான். "எதிரிக்கும் தண்ணி கொடுக்கச் சொல்லிருக்கார் ஆண்டவர்ங்கறார் பிரபு" என்றான் தோரோஸ். "மார்த்தாவக் கொடுக்கச் சொல்றார்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும். "குடு மார்த்தா" என்றேன். அவள் பித்தளைக் கிண்ணத்தைப் பானையில் முக்கி எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். அவன் முகத்துணியை இறக்கினான். முதலில் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். மணிக்கட்டில், கன்றிய தோலில், பக்குக் கட்டிய சிலுவை. ஹஸ்னா சொல்லிக்கொள்கிறேன் என்றாளே, அவள் சொல்லவே இல்லை.

அவன் முகம் மாறியதைத் தோரோஸ் கவனித்துவிட்டான். இருமிக்கொண்டே எழுந்து கிட்டே போனான்.

"என்னடா அப்படிப் பாக்குற? இந்தத் தெருவாடா நீ?"

"ஆமா. இந்தத் தெருதான்."

"அப்ப இந்தப் பொண்ண ஒனக்குத் தெரிஞ்சிருக்கணுமே. யார் பொண்ணுன்னு உண்மையச் சொல்லு. சொன்னா ஒங்கயித்த இப்பவே அவுத்து விடச் சொல்றேன். நான் சொன்னா பிரபு கேப்பார்."

என் ஊசி கோத்தியேவின் புஜத்தில் நின்றுவிட்டது. ஹம்தான் கோபக்காரன். யோசிக்காமல் வாயைத் திறக்கிறவன். மகள் கையில் சிலுவையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், கயிற்றை அவிழ்க்கிறேன் என்கிறார்கள். அவன் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தால் அவளும் போவாள், நானும் போவேன், பொய் சொன்ன கிழவரும் போவார்.

ஹம்தான் என்னைப் பார்த்துக் காறித் துப்பினான்.

"தெரியாமலா. இந்த ஊசிக்காரி பெத்ததுதான். ஆத்தாளுக்கு இருக்கற வாய் இதுக்கும் இருக்கும். நாலு வீடு தள்ளியும் மனுசன் தூங்க முடியாது."

"பேரு?"

"மார்த்தா" என்றான். தோரோஸ் சொன்னதையும் நான் கூப்பிட்டதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

தோரோஸ் அவனையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தான். ஹம்தான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பார்த்துப் பேசினான், என்னிடம்தான் பேசினான். "கழுதைக்குத்தான் சூடு போடுவாங்கன்னு நான் சொல்வேன், நீ கேட்டதில்ல. குறி நல்லாத்தான் விழுந்திருக்கு. பக்கு உதிர்ற வரைக்கும் சொறியாமப் பாத்துக்க." அது என்னிடம் குத்திக்கொண்டு போகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லியனுப்புகிற வார்த்தை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பத்து வருஷம் கேட்டிருக்கிறான், பேசாமலிருந்த இரண்டு வருஷமும் சேர்த்து.

பிறகு குடித்தான். லுபாபா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பழக்கம், அவளையறியாமல் இரண்டு கையும் முன்னால் வந்துவிட்டன, வாய்கூட லேசாகத் திறந்திருந்தது. தோரோஸின் கண் அந்தக் கைகள் மேல் இருந்தது. ஹம்தான் நிறுத்தாமல் குடித்தான். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறி, காலியாக அவள் கையில் வைத்தான். அவள் கிண்ணத்துக்குள் பார்த்தாள்.

வண்டி நகர்ந்தது. காவலாள் கத்தினான். ஹம்தான் கயிற்றைத் தோளில் மாற்றிக்கொண்டு, சுமையை இழுத்துக்கொண்டு போனான். ஒருதடவைகூடத் திரும்பவில்லை.

"ஒங்கண்ணு எங்கயோ இருக்கு" என்றான் தோரோஸ் என்னிடம். "பிரபுவோட சிலுவை கோணிக்கப் போகுது." ஏற்கனவே கோணிவிட்டிருந்தது. கோத்தியேவுக்கு அது தெரியவில்லை. அவன் சாகும்வரை ஒரு கை கீழே இறங்கின சிலுவையோடுதான் இருந்திருப்பான்.

பிணம் இழுத்தவர்களை என்ன செய்தார்கள் என்பது புதன்கிழமை தெரிந்தது. அதைத் தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பிணத்தையும் இழுத்து முடித்ததும் அவர்களையும் அந்தக் குவியலிலேயே சேர்த்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம், கோயில் பின்கட்டில், நான் ஊசிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே தோரோஸின் இருமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. லுபாபா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஐந்து நாளாக வாயில் வராத வார்த்தை அப்போது வந்தது.

"பெரியம்மா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நான் சரியாத்தான பண்ணேன்? அவர அப்பான்னு கூப்பிடல. அழல. நீ சொன்ன மாதிரியே இருந்தேன்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப ஏன் அவர் எனக்கு மிச்சம் வெக்கல?"

வெளியே இருமல் நின்றுவிட்டது. அவன் கேட்கிறானா, தூங்கிவிட்டானா, எனக்குத் தெரியவில்லை. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஒங்கப்பன் மாதிரி ஒருத்தன் இந்த ஊரிலேயே இல்லைடி என்று சொல்ல என் நெஞ்சு வெடித்தது. கதவைப் பார்த்தேன்.

"கிண்ணத்தக் கழுவி வை, மார்த்தா" என்றேன். அவள் எழுந்து போய்க் கழுவி வைத்தாள்.